கங்கா நகரப் போர்: கதையும் கல்வெட்டும்

ஈப்போவிலிருந்து மேற்கே கடற்கரையை நோக்கிச் செல்வோர், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாய் நின்றனவும் இன்று செம்பனை அடர்ந்து கிடப்பனவுமான தோட்டங்களைக் கடந்து, புருவாஸ் என்னும் சிற்றூரை அடைவர். ஒரு கடைத்தெரு, சிறியதோர் அருங்காட்சியகம், அகலம் குறுகிய ஓர் ஆறு, பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆயினும் இவ்வூரின் பெயரோடு ஒரு பெரும்போரின் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கங்கா நகரம் என்னும் அரசு இவ்வட்டாரத்தில் செழித்திருந்தது என்றும், தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த மன்னன் ஒருவன் அதன் கோட்டை வாயிலைத் தகர்த்து, அரசனை வெட்டி வீழ்த்தினான் என்றும் அக்கதை கூறும். அம்மன்னன் வேறு யாருமல்லன், கடாரம் கொண்ட முதலாம் இராசேந்திர சோழனே என்பது தமிழரிடையே பெருவழக்காகிவிட்ட நம்பிக்கை.

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் இந்நம்பிக்கை வேர்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து நின்றவர்கள், பால்வாளி சுமந்தவர்கள், 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் வந்தபோது பிறந்த லயத்தை விட்டு மூட்டை முடிச்சுடன் வெளியேறியவர்கள் ஆகியோருக்கு, தம் இனத்து வேந்தன் ஒருவன் இதே மண்ணில் வாகை சூடினான் என்பது எத்துணை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! 1963இல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்ற அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' வழியாக இராசேந்திரனை அறிந்தோர் பலர். அதே அகிலன் பின்னர் இந்நாட்டுத் தோட்டங்களை நேரில் கண்டு 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினத்தையும் எழுதினார். முன்னதில் வேந்தனும் பின்னதில் தொழிலாளியும் நிற்கின்றனர். இவ்விருவரையும் இணைக்கும் பாலமாகவே கங்கா நகரப் போர் மேடைகளில் எடுத்தாளப்பட்டது. ஆதலின் அப்போர் உண்மையில் நடந்ததா என்னும் வினா ஏட்டாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. இந்நாட்டில் தமிழன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறான் என்பதையும் அது தொடுகிறது.

இத்தகைய வினா கிரேக்கருக்கும் எழுந்ததுண்டு. திராய் நகரத்து இளவரசன் பாரிசு, ஹெலன் என்னும் பேரழகியைக் கவர்ந்து சென்றான். கிரேக்க மன்னர்கள் ஆயிரங் கலங்களில் திரண்டு சென்று பத்தாண்டுகள் முற்றுகையிட்டனர். இறுதியில் மரக்குதிரை ஒன்றின் வயிற்றில் வீரரை ஒளித்து வைத்து நகரைக் கைப்பற்றினர். இக்கதையின் ஒரு பகுதியைப் பாடும் ஹோமரின் இலியட் காப்பியம் கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றது என்பர். பழங்கிரேக்கர் இப்போரை ஐயுறவில்லை. எரதோஸ்தனிஸ் என்னும் அறிஞர் திராய் வீழ்ந்த ஆண்டு இன்ன ஆண்டு என்றே கணக்கிட்டார், அது கி.மு. 1184 ஆகும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் புலமையாளருட் பலர், முழுவதும் கற்பனை என்று தள்ளிவிட்டனர்.

அவ்வேளையில்தான் ஹைன்ரிக் ஷ்லீமான் என்னும் செருமானிய வணிகர், துருக்கி நாட்டில் ஹிசார்லிக் என்னும் மேட்டை 1870இல் தோண்டத் தொடங்கினார். அந்த மேடே திராய் என்பதை அவருக்கு முன்பே கண்டு, அவருக்கு எடுத்துரைத்தவர் ஃபிராங்க் கால்வெர்ட் என்பவர். புகழ் என்னவோ செருமானியருக்கே போயிற்று. 1873இல் பொன்னணிகள் வெளிப்பட்டபோது, இவை திராய் மன்னன் பிரியாமின் கருவூலம் என்று ஷ்லீமான் உலகுக்கு அறிவித்தார். பின்வந்தோர் ஆய்ந்தபோது, அப்பொன் கிடைத்த அடுக்கு, போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது என்று தெரியவந்தது. அவசரத்தில் அவர் வெட்டி எறிந்த மேலடுக்குகளிலேயே அவர் தேடிய நகரத்தின் பகுதிகள் இருந்தன! தேடியவனே தேடிய பொருளை அழித்த கொடுமை அது.

பின்னர் டோர்ப்ஃபெல்ட், 1932 முதல் 1938 வரை பிளேகன், 1988 முதல் கோர்ஃப்மான் எனப் பலர் பொறுமையாகத் தோண்டினர். மறுபுறம், ஹிட்டைட் பேரரசின் களிமண் ஏடுகளில் விலூசா என்னும் நாடு காணப்பட்டது. இலியோஸ் என்னும் திராயின் மறுபெயரோடு அது ஒத்துப் போயிற்று. ஏறத்தாழ கி.மு. 1280இல் அந்நாட்டு அரசனாக அலக்சந்து என்பவன் ஹிட்டைட் வேந்தனோடு உடன்படிக்கை செய்திருக்கிறான். பாரிசின் மற்றொரு பெயர் அலெக்சாந்தர் என்பதை நினைவிற் கொண்டால் வியப்பாகவே இருக்கும். இன்று அறிஞர் பெரும்பாலோர் ஒப்புவது இதுதான்: நகரம் உண்மை, அங்கே தீயும் அழிவும் நேர்ந்தது உண்மை, ஹெலனும் மரக்குதிரையும் பத்தாண்டு முற்றுகையும் இன்னும் பாட்டிலேயே உள்ளன.

நிற்க. இதே அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு புருவாசுக்குத் திரும்பலாம்.

கங்கா நகரப் போரின் ஹோமர் என்று சொல்லத்தக்க நூல் 'செஜாரா மெலாயு'. 1612ஆம் ஆண்டைத் தன் முன்னுரையிற் சுட்டும் இந்நூல், ஜொகூர் அரசின் பெண்டஹாராவாகிய துன் ஸ்ரீ லானாங் பெயரோடு வழங்குவது. ஜான் லேடன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் இறந்து பத்தாண்டுக்குப் பின் 1821இல் அச்சேறியது. இந்நூல் கூறும் கதை பின்வருமாறு.

கெலிங் நாட்டிலே நாகப்பட்டினம் என்னும் நகரில் ராஜா சூரான் ஆண்டு வந்தான். (சில படிகளில் இவன் பெயர் சூலான் எனக் காணப்படும், பாட்டன் பெயரும் பேரன் பெயரும் படிக்குப் படி இடம் மாறுகின்றன.) அவன் படை நடந்த வழியில் காடுகள் சமவெளியாயின, பேராறுகள் வற்றின. அப்படை கங்கா நகரத்தை அடைந்தது. அந்நகரம் ஒரு குன்றின்மேல் இருந்தது; முன்புறம் செங்குத்து, பின்புறம் தாழ்வு. பேராக்கிற்கு அப்பால், டிண்டிங்ஸ் உட்பகுதியில் அக்கோட்டை இன்றும் உள்ளது என்று நூலாசிரியர் தம் காலத்தைச் சுட்டிக் கூறுகிறார். நகரத்தரசன் கங்கா ஷா ஜொஹான் அம்புமாரி பொழிந்தான். சூரான் யானைமீதேறிச் சென்று தண்டாயுதத்தால் வாயிலை மோதி வீழ்த்தினான். கங்கா நகரத்தான் எய்த அம்பு சூரானின் யானை நெற்றியிற் பாய, அது மண்டியிட்டது. சூரான் கீழே குதித்து வாளுருவி ஒரே வீச்சில் பகைவன் தலையைக் கொய்தான். வீழ்ந்த அரசனின் தங்கையை மணந்துகொண்டான். பின்னர் ஜொகூர் ஆற்றின் மேற்புறத்தே கருங்கற் கோட்டையாகிய கிளாங் கியூவையும் வென்று, அவ்வரசன் மகளையும் மணந்தான்.

இதன்பின் வரும் நிகழ்ச்சி சுவை மிக்கது. சூரானின் வழியினர் சீனத்தின்மேல் படையெடுக்கத் துணிந்து தெமாசிக் வரை வந்தனர். செய்தியறிந்த சீன மன்னன், பல் விழுந்த கிழவர்களை ஒரு கப்பலில் ஏற்றி, துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும் காய்த்து நிற்கும் மரங்களையும் உடன் அனுப்பினான். சீனம் எவ்வளவு தொலைவு என்று தெமாசிக்கில் கேட்டபோது கிழவர்கள் உரைத்தனர்: புறப்பட்டபோது தங்களுக்குப் பன்னிரண்டு வயது, விதையாய் இட்டவை மரமாகிவிட்டன, கைப்பருமனிருந்த இரும்புக் கம்பிகள் தேய்ந்து ஊசிகளாகிவிட்டன. இதைக் கேட்ட மன்னன் சீனம் எட்டாத் தொலைவு என்றெண்ணித் திரும்பிவிட்டான்! கிரேக்கர் மரக்குதிரையால் ஒரு நகரைக் கைப்பற்றினர். சீனரோ கிழவர் கப்பலால் ஒரு நாட்டைக் காத்துக்கொண்டனர். தண்டாயுதத்தால் கோட்டை வாயிலை உடைத்த குலம் துரு ஊசியிடம் தோற்ற இக்கதையைத் தமிழ் மேடைகள் ஏனோ எடுத்துரைப்பதில்லை.

இனிக் கல்வெட்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுவரில், இராசேந்திரனது 19ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1030-31ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட மெய்க்கீர்த்தி, அவன் அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்திய செய்தியைக் கூறுகிறது. இப்படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பது வரலாற்றறிஞர் முடிபு. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்னும் கடாரத்தரசனை யானைகளோடு அகப்படுத்தியதும், அவன் சேர்த்து வைத்த பெருநிதியையும் வித்தியாதரத் தோரண வாயிலையும் கைக்கொண்டதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. தொடர்ந்து ஊர்ப்பெயர்கள் அணிவகுக்கின்றன: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம். எண்ணிப் பார்த்தால் 13. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியோ கடல் கடந்து கடாகத்தை வென்ற செய்தியை ஒரே சுலோகத்தில் முடித்துவிடுகிறது.

இப்பதின்மூன்றனுள் கங்கா நகரம் இல்லை.

இந்த ஓர் உண்மையைக் கடந்து செல்ல இயலாது. சோழரின் மெய்க்கீர்த்திப் புலவர் அடக்கத்துக்குப் பேர்போனவர் அல்லர். வென்ற ஊரை விட்டுவிட்டார் என்று சொல்வது பொருந்தாது. மேலும், கல்வெட்டிலுள்ள அரசன் அகப்பட்டவன். மலாய் நூலிலுள்ள அரசன் தலையறுபட்டவன். கல்வெட்டு பேசுவது கலங்களை. மலாய் நூல் பேசுவது காட்டை அழித்து நடக்கும் தரைப்படையை. ஸ்ரீவிசயம் என்னும் பெயரே செஜாரா மெலாயுவில் இல்லை. அப்பெயருடைய பேரரசு ஒன்று சுமத்திராவில் இருந்தது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கோடேஸ் 1918இல் எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. படையெடுப்புக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 590 ஆண்டுகள் கிடக்கின்றன. திராய்ப் போருக்கும் ஹோமருக்கும் இடைப்பட்ட காலத்தைவிட இது மிகுதி.

அப்படியாயின் மலாய் நூலின் கதை வெறும் கற்பனைதானா? அதுவும் இல்லை. சூலான், சூரான் என்னும் பெயர்களில் 'சோழன்' ஒலிப்பதைப் பலர் சுட்டியுள்ளனர். அவன் தலைநகர் நாகப்பட்டினம் என்று கூறப்படுவது தற்செயலாகாது. சோழரின் பெருந்துறைமுகம் அதுவே. பெயர் தேய்ந்து, காலம் கலங்கி, ஊர் மாறி, ஆனால் தென்னிந்தியத் துறைமுகத்திலிருந்து கடல் கடந்து வந்த ஒரு பேரடியின் நினைவு மட்டும் அழியாமல் நின்றிருக்கிறது எனலாம். கங்கா நகரம் என்னும் பெயரைப் பற்றி ஓர் ஊகத்துக்கும் இடமுண்டு. கடாரத்துக்குச் சில ஆண்டுகள் முன்னரே இராசேந்திரன் வடக்கே படை செலுத்திக் 'கங்கைகொண்டான்' என்று பெயர் பூண்டான். அப்பெயரால் தலைநகரும் அமைத்தான். கங்கையைக் கொண்டவன் என்னும் விருதுப்பெயர், வணிகர் வாய்வழி இக்கரை சேர்ந்து, கங்கா நகரத்தைக் கொண்டவன் என்று திரிந்திருக்கலாகாதா? இஃது ஊகமே, சான்று காட்டி நிறுவத்தக்கதன்று.

புருவாஸ் வட்டாரத்தில் அரசு ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியர் தொமே பிரேஸ் இவ்வூரைக் குறிப்பிடுகிறார். செஜாரா மெலாயுவே பின்னோரிடத்தில் புருவாசுக்கும் மஞ்சோங்குக்கும் நேர்ந்த பூசலைச் சொல்கிறது. ஆச்சே வழக்கிலான கல்லறைக் கற்கள் அங்கே கிடைத்துள்ளன. ஆனால் இவை யாவும் மலாக்காப் பேரரசின் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சார்ந்தவை. இராசேந்திரன் காலத்துக் கோட்டை எதுவும் அங்கே வெளிப்படவில்லை. ஜொகூர்க் காட்டில் கருங்கற் கோட்டை இருப்பதாக 2005இல் செய்தித்தாள்கள் ஆரவாரம் செய்தன. தேடிச் சென்றோர் கோட்டையைக் காணாமல் திரும்பினர். நல்லவேளையாக அங்கே ஷ்லீமான் போல் எவரும் அவசரப்பட்டுத் தோண்டிவிடவில்லை.

பேராக் மண் உண்மையிலேயே வெளியிட்டவை வேறு. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுக்கத் தோண்டிய குழிகளிலிருந்து, யாரும் தேடாமலே, வெண்கலப் படிமங்கள் மேலே வந்தன. ஈப்போவை அடுத்த பெங்காலானிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் புத்தர் உருவங்கள் கிடைத்தன. தெற்கே பீடோரில் 1936இல் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் சிலை வெளிப்பட்டது. மாத்தாங்கை அடுத்த கோல செலின்சிங்கில் பேராக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஈவான்ஸ் தோண்டியபோது, ஸ்ரீ விஷ்ணுவர்மன் பெயர் பழைய எழுத்தில் வெட்டப்பட்ட செம்மணி முத்திரை ஒன்று கிடைத்தது. இப்படிமங்களிற் பல இராசேந்திரனுக்கு நூற்றாண்டுகள் முற்பட்டவை. போர்க்களத்தில் புதைந்த வாளும் வேலும் அல்ல இவை. வழிபாட்டுப் பொருள்களும் வணிகர் முத்திரையும். ஈயத்தை நாடி இந்தியக் கடலோடிகளும் சமயத்தாரும் இப்பள்ளத்தாக்கோடு தொடர்பு கொண்டிருந்தனர் என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டுவதில்லை. வடக்கே தக்குவாப்பாவில் மணிக்கிராமத்தார் பெயர் கூறும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும், சுமத்திராவின் லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் பெயர் கூறும் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இதே கதையைத்தான் சொல்கின்றன. தமிழர் இக்கடலில் நெடுங்காலம் நிலைத்தது வணிகத்தால். படை வந்தது ஒரு சில முறை, வந்த வேகத்தில் திரும்பியும் போயிற்று. 1025இல் அடிபட்ட ஸ்ரீவிசயம் 1028இலேயே சீனத்துக்குத் தூது விடுத்தது.

அப்படையெடுப்புக்கு முன்னிருந்த உறவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடாரத்தரசன் மாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக வழங்கியவன் இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசனே. ஆனைமங்கலச் செப்பேடுகள் இதனை விரித்துரைக்கின்றன. தந்தை ஊர் கொடுத்தான். மகன் கலம் செலுத்தினான். சீன வணிகத்தின் வழியை யார் அடக்கியாள்வது என்னும் போட்டியே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஹெலனைக் கவர்ந்ததைக் காட்டிலும் இக்காரணம் நம்பத்தக்கது.

கதையின் மறுபக்கம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீழ்ந்த திராயிலிருந்து தப்பிய ஏனியாசைத் தம் குலமுதல்வன் என்று உரோமர் கொண்டாடினர். மலாய் நூலோ, தோற்றவனை விட்டு வென்றவனையே குலமுதல்வனாக்கிக்கொண்டது. ராஜா சூரானின் வழித்தோன்றல்களே பின்னர் மலாக்கா அரச மரபானார்கள் என்று அது கூறும். 1528இல் பேராக்கின் முதற் சுல்தானான முசாபர் ஷா மலாக்காவின் கடைசிச் சுல்தானுடைய மகன். ஆதலின் பேராக் அரச மரபும் அவ்வழியிலேயே வருகிறது. சூரானின் முன்னோனாக இந்நூல் கூறுவது இஸ்கந்தர் சுல்கர்னாயினை, அஃதாவது கிரேக்க மாவீரன் அலெக்சாந்தரை! அந்த அலெக்சாந்தர் கி.மு. 334இல் ஆசியாவில் கால் வைத்ததும் முதலிற் சென்றது திராய்க்கு. அங்கே அக்கிலிசின் கல்லறைக்கு மாலை சூட்டி வணங்கினான் என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். 18ஆம் நூற்றாண்டில் பேராக்கை ஆண்ட ஒரு சுல்தானின் பெயர் இஸ்கந்தர் சுல்கர்னாயின். அவரது ஆட்சியைப் பாடும் 'மிசா மெலாயு' நூலின் ஆசிரியர் பெயர் ராஜா சூலான். கிரேக்கன் பெயரைத் தாங்கிய அரசனைச் சோழன் பெயரைத் தாங்கிய புலவன் மலாயில் எழுதினான். சோழன் படையெடுத்து அழித்தான் என்று மேடையில் முழங்குவோரும், அதைக் கேட்டு முகஞ்சுளிப்போரும், இந்தப் பெயர்களைச் சற்று நின்று படிக்கலாம். மலாய் அரசவை அவனை அயலானாகக் கருதவில்லை. பாட்டன் என்றே எழுதி வைத்தது.

தோட்டத் தமிழரின் பாட்டன் யார் என்பதற்கோ சான்று தேடி மெய்க்கீர்த்தி வரை போக வேண்டுவதில்லை. 1877இல் கோலக்கங்சாரில் ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு விலையேறியதும் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களில் கங்காணிகள் ஆள் திரட்டினர். திரட்டப்பட்டவர்களிற் பலர் வந்து தங்கிய முகாம் நாகப்பட்டினத்தில் இருந்தது. செஜாரா மெலாயு ராஜா சூரானுக்குத் தலைநகராகக் கூறும் அதே நாகப்பட்டினம். கடாரத்தரசன் கட்டிய விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867இல் இடித்துத் தள்ளப்பட்டுவிட்டதால், இவர்களிற் பெரும்பாலோர் அதைக் கண்டிருக்க இயலாது. கப்பலின் திறந்த தளத்தில் படுத்துக் கடல் கடந்து பினாங்கை அடைந்தவர்கள், ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, பின் பேராக்கின் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

இராசேந்திரனின் படை சென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைச் சுவரில் இருக்கிறது. இவர்கள் சென்ற தோட்டங்களின் பெயர்ப் பட்டியல் எந்தச் சுவரிலும் இல்லை. புருவாசைச் சுற்றியும் சித்தியவானிலும் சுங்கை சிப்புட்டிலும் செம்பனைக்கு நடுவே எஞ்சி நிற்கும் மாரியம்மன் கோயில்களும், சில தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளும் அவற்றுட் சிலவற்றை மட்டும் இன்றும் தாங்கி நிற்கின்றன.